குறைந்த செலவுத் தொழில்நுட்பமும் கரையோர உற்பத்தி உறவுகளும்: மன்னார்க் கடற்றொழிலை முன்வைத்துச் சில குறிப்புகள்

2022 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், ஓர் இரவுக்குள், இலங்கையில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. அதற்கு முந்திய மாதங்களில் அந்த 87 ரூபா எண்ணெயும் எளிதிற் கிடைக்கவில்லை. எரிபொருள் நிரப்பு நிலையங்களின் முன்னே வெற்றுக் கலன்கள் வரிசையிற் கிடந்தன. கரையில் வள்ளங்கள் கிடந்தன. பேசாலை, தலைமன்னார், வங்காலை, சிலாவத்துறை ஆகிய ஊர்களின் சிறு படகுகளிற் பெரும்பாலானவை மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு இயந்திரங்களைப் பூட்டியவை. அந்த ஆண்டின் பொருளாதார நெருக்கடி பற்றி அறிஞர் பலர் எழுதியுள்ளனர். அதனை மீண்டும் விரித்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரே மூச்சில் ஏறத்தாழ நான்கு மடங்கான அந்த விலை, அரை நூற்றாண்டுக்கு மேலாக வழங்கிவரும் ஒரு கருத்தை மீளாய்வு செய்யும்படி நம்மைத் தூண்டுகிறது. சிறு படகும் சிறு இயந்திரமும் ஏழைத் தொழிலாளிக்கு ஏற்ற ‘குறைந்த செலவுத் தொழில்நுட்பம்’ என்பதே அக்கருத்தாகும்.

குறைந்த செலவு என்னும்போது அச்செலவு எதனோடு ஒப்பிடப்படுகிறது? அதனைக் கொடுப்பவர் யார்? எவ்வெப்போது, எவ்வடிவில் கொடுக்கிறார்? இவ்வினாக்களை எழுப்பாது கருவியின் விலைச் சீட்டை மட்டும் நோக்கி மலிவு எனத் துணிவது, பண்டத்தைக் கண்டு அதன் பின்னுள்ள மனித உறவுகளைக் காணாது விடும் பழைய மயக்கத்தின் ஒரு வகையே எனலாம்.

இக்கருத்தின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குதல் வேண்டும். 1955 இல் பர்மாவுக்குப் பொருளாதார ஆலோசகராகச் சென்ற ஈ. எஃப். ஷுமாகர், மேலைநாட்டுப் பேரியந்திரத்துக்கும் மரபுவழிக் கைக்கருவிக்கும் இடைப்பட்ட ஒரு தொழில்நுட்பமே வறிய நாடுகளுக்கு வேண்டியது என்ற எண்ணத்தைப் பின்னர் வளர்த்தெடுத்தார். அவரும் அவருடைய நண்பரும் 1966 இல் இலண்டனில் இடைநிலைத் தொழில்நுட்ப அபிவிருத்திக் குழுவை அமைத்தனர். ‘சிறியதே அழகு’ என்னும் அவரது நூல் 1973 இல் வெளிவந்தது. ஆபிரிக்க நாடுகள் பல விடுதலை பெற்று, பெரும் அணைகளையும் ஆலைகளையும் கட்டி, அவற்றின் கடன்சுமையை உணரத் தொடங்கியிருந்த காலம் அது. எனவே அந்நூல் அங்கு பெருங் கவனத்தைப் பெற்றது. தொடக்கத்தில் அரசும் கூட்டுறவும் முன்னெடுக்க வேண்டியதாகக் கருதப்பட்ட இம்முயற்சி, 1980களில் அரசுசாரா நிறுவனங்களின் பணியாயிற்று. 1990களுக்குப் பின் ‘தொழில்முனைவு’ என்னும் பெயரோடு சந்தையின் பணியாயிற்று. கென்யாவில் 1991 இல் மார்ட்டின் ஃபிஷரும் நிக் மூனும் தொடங்கிய நிறுவனம் கால்மிதி நீரிறைப்பான்களை இலவசமாக வழங்காது விற்பதையே கொள்கையாகக் கொண்டது. விலை கொடுத்து வாங்குபவனே கருவியை மதிப்பான் என்பது அவர்களின் வாதம். இவ்வாதத்தில் உண்மை இல்லை என்று நான் கூறமாட்டேன். தானமாக வந்து கரையில் உக்கிப்போன படகுகளை நம் நாட்டிலும் கண்டிருக்கிறோம். எனினும், வாங்குபவனிடம் அதற்கான பணம் எங்கிருந்து வருகிறது என்ற வினாவை அது தொடுவதில்லை. இக்கட்டுரை முழுவதும் அவ்வினாவைச் சுற்றியே செல்கிறது.

மன்னார்க் கரையில் மிக மலிவான தொழில்நுட்பம் எது என்று கேட்டால், முத்துக் குளித்தலே என்று விடை கூறலாம். ஒரு கல், ஒரு கயிறு, ஒரு வலைக்கூடை, ஒரு மனிதனின் மூச்சு: இவையே அதன் கருவிகள். அரிப்பு, மரிச்சுக்கட்டி, சிலாவத்துறைக் கரைகளில் நூற்றாண்டுக் கணக்காக இம்முறையே நிலவியது. 1905 ஆம் ஆண்டுச் சலாபத்தில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அதன் வருமானம் குடியேற்ற அரசின் திறைசேரியை நிறைத்தது. எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்குரியது. எஞ்சிய ஒரு பங்கே சுழியோடிகளுக்கும் படகுக்காரருக்கும் உரியது. அடுத்த ஆண்டே இப்படுக்கைகள் இலண்டனில் அமைந்த ஒரு கம்பனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டன. 1907 க்குப் பின் சிப்பி இல்லாதொழிந்தது. சில ஆண்டுகளில் கம்பனியும் கலைந்தது. கருவி மிக எளியதாக இருந்தமையால் உழைப்பாளி எவ்வகையிலும் சுதந்திரமானவனாக இருக்கவில்லை. கருவியின் விலையன்று, படுக்கையின் உரிமையே பங்கீட்டைத் தீர்மானித்தது. அக்கடலில் கல்லையும் கயிற்றையும் விட மலிவாக எதனையும் கண்டுபிடித்திருக்க முடியாது. அம்மலிவின் பயன் முழுவதும் திறைசேரிக்குச் சென்றது.

முத்தைப் போலன்றி மீன்பிடித்தல் கரையோர மக்களின் அன்றாட வாழ்வு. ஆகவே மாற்றத்தை அங்கு விரிவாகக் காணலாம்.

மன்னார்த் தீவுக்கு வடக்கே பாக்கு விரிகுடாவும் தெற்கே மன்னார் வளைகுடாவும் உள்ளன. சோளகக் காலத்தில் தென்கரை கொந்தளிக்கும். வாடைக் காலத்தில் வடகரை கொந்தளிக்கும். ஒரு கடல் மூடும்போது மறு கடல் திறந்திருப்பதால் தொழிலாளர் கரைமாறித் தொழில் செய்வர். வேறு ஊர்களிலிருந்து வருவோர் வாடியமைத்துத் தங்குவர். செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நாவல் நெடுந்தீவைக் களமாகக் கொண்டு இத்தகைய பருவகால வாழ்வைச் சித்திரித்தது. மன்னார்க் கரையின் வாழ்வை எஸ். ஏ. உதயன் தம் நாவல்களில் எழுதிவருகிறார். கட்டுமரம், பாய்வள்ளம், கரைவலை என்பன பழைய கருவிகள். அவற்றின் ‘செலவு’ எவ்வாறு அமைந்தது என்பதை உன்னிப்பாக நோக்க வேண்டும். மரம் விலைக்கு வாங்கப்பட்டது உண்மையே. ஆனால் வலை பருத்தி நூலிலோ சணலிலோ வீட்டில் முடியப்பட்டது. அது உக்காதிருக்கப் பனிச்சங்காய்ச் சாறு ஊட்டப்பட்டது; நாள்தோறும் உலர்த்தப்பட்டது. பாய்க்குக் காற்று கூலி கேட்கவில்லை. அதாவது, செலவின் பெரும்பகுதி குடும்ப உழைப்பாகவே இருந்தது. அவ்வுழைப்பு கடுமையானது, பெண்களையும் முதியோரையும் முறித்தெடுத்தது. ஆகையால் பழைமையைப் பொற்காலமாக்கிப் பேசுவதற்கு இங்கு இடமில்லை. கரைவலைச் சம்மாட்டி மடி நிறைந்த மீனைப் பங்கிடும்போது இழுத்த கைகளுக்கு எவ்வளவு கிடைத்தது என்பதைக் கரையோரத்தில் எவரும் மறந்துவிடவில்லை.

இலக்கிய மாணவனுக்கு இயல்பாகத் தோன்றும் ஒரு குறிப்பை இவ்விடத்தில் இடைச்செருகலாம். கரைவலை இழுக்கும்போது பாடப்படும் அம்பாவை நாட்டார் பாடல் தொகுப்பாளர் ‘தொழிற்பாடல்’ என்னும் தலைப்பின் கீழ் அடக்கிவிடுவர். ஆனால் பல கைகளை ஒரே கணத்தில் இழுக்கச் செய்யும் அப்பாடல், கயிற்றைப் போன்றே ஓர் உற்பத்திக் கருவி. உழவு இயந்திரத்தில் பூட்டிய சுழலி கரைவலைக் கயிற்றை இழுக்கும் இடங்களில் அம்பா வேண்டப்படுவதில்லை. இழுத்த கைகளும் வேண்டப்படுவதில்லை. பாடல் மறைவதைக் குறித்து நாம் வருந்துவது எளிது. அப்பாடலைப் பாடியவன் தன் பங்கை இழந்தான் என்பதையும் அதே மூச்சிற் கூறுதல் வேண்டும்.

1950களின் பிற்பகுதியில் கடற்றொழில் திணைக்களம் 28 அடி நீளமுள்ள மூன்றரைத் தொன் இயந்திரப் படகுகளை அறிமுகப்படுத்தியது. அதே காலப்பகுதியில் நைலோன் வலைகள் வந்தன; மரபுப் படகுகளுக்கு வெளியிணைப்பு இயந்திரங்கள் வந்தன. பின்னர் 17 அடி முதல் 23 அடி வரையான கண்ணாடியிழைப் படகுகள், கரையோரத்தார் ‘பைபர் போட்’ என அழைப்பவை, பரவின. வடக்கில் இம்மாற்றத்தோடு பிணைந்த ஒரு முயற்சி விதந்து கூறத்தக்கது. 1967 இல் நோர்வேயைச் சேர்ந்த ஆர்ண பியோர்டொப்ற் முன்னின்று தொடங்கிய சீநோர் திட்டம், காரைநகரிற் படகு கட்டும் துறையையும் குருநகரில் வலைத் தொழிற்சாலையையும் அமைத்தது. படகையும் வலையையும் இறக்குமதி செய்யாது தொழிலாளர் வாழும் கரையிலேயே ஆக்குதல் என்பது அதன் சிறப்பு. தன்சானியாவில் நைரேரே அருஷாப் பிரகடனத்தை வெளியிட்டதும் அதே 1967 இல் தான். சுயசார்பு என்ற சொல்லுக்கு அன்று இரு சமுத்திரக் கரைகளிலும் ஒரே ஒலி இருந்தது. சீநோர் பிற்காலத்தில் அரச நிறுவனமாயிற்று.

நைலோன் வலை உக்குவதில்லை. சாறு ஊட்ட வேண்டியதில்லை. அதிக மீன் படும். கண்ணாடியிழைப் படகு இலேசானது; மரம் தேடி அலைய வேண்டியதில்லை. இயந்திரம் காற்றுக்காகக் காத்திருப்பதில்லை. இவையனைத்தும் உண்மையான முன்னேற்றங்கள். உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சியை வரவேற்காத மார்க்சியம் எதுவும் இல்லை. ஆயினும் செலவின் தன்மை இங்கு அடியோடு மாறிவிட்டது. முன்னர் உழைப்பாகச் செலுத்தப்பட்டது இப்போது காசாகச் செலுத்தப்பட வேண்டியதாயிற்று. வலை, எண்ணெய், உதிரிப்பாகம், ஐஸ், ஐசை வைக்கும் றெஜிபோம் பெட்டி ஆகிய ஒவ்வொன்றும் சந்தையிலிருந்து வருகிறது. ஒவ்வொன்றும் மீன் படுவதற்கு முன்னரே வாங்கப்பட வேண்டியிருக்கிறது. மீன் படாத நாளிலும் எண்ணெய் எரிகிறது. உழைப்பைச் செலவிட்டவன் வெறுங்கையோடு திரும்பினால் களைப்போடு திரும்புவான். காசைச் செலவிட்டவன் வெறுங்கையோடு திரும்பினால் கடனோடு திரும்புவான். மலிவான இயந்திரம் மலிவாக இருப்பது வாங்கும் நாளில் மட்டுமே.

இக்கடனைக் கொடுப்பவர் வங்கியாளர் அல்லர், மீன் வியாபாரி. வலைக்கோ இயந்திரத்துக்கோ வேண்டிய தொகையை அவர் முற்பணமாகக் கொடுக்கிறார். பெரும்பாலும் வட்டி என்று ஒன்று குறிக்கப்படுவதில்லை. முதலைத் திருப்பித் தருமாறு நெருக்குவதுமில்லை. பட்ட மீனை அவருக்கே கொடுக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. விலையை அவர் நிறுவையின் முன் நின்று சொல்கிறார். அல்லது ஏலத்தில் ஒரு கழிவை எடுத்துக்கொள்கிறார். ஆகவே வட்டி மறைந்துவிடவில்லை, மீனின் விலைக்குள் புகுந்துகொள்கிறது. கடன் தீராதிருப்பதே இவ்வுறவின் உயிர்நாடி. தீர்ந்துவிட்டால் மீன் வேறிடம் போய்விடும் அல்லவா! வணிக மூலதனம் உற்பத்தி முறையை மாற்றாமலே உற்பத்தியாளனைத் தனக்குக் கீழ்ப்படுத்தும் வழியொன்றினை மார்க்ஸ் ‘மூலதனம்’ மூன்றாந் தொகுதியில் விளக்கியுள்ளார். மன்னார்க் கரையில் அதற்கு இன்னொரு திருப்பமும் உண்டு: உற்பத்திக் கருவி புதுமையடைகிறது, கீழ்ப்படுத்தல் பழையவாறே தொடர்கிறது. கருவி எவ்வளவு புதிதாகிறதோ அவ்வளவு முற்பணம் தேவைப்படுகிறது.

வியாபாரியை வில்லனாக்கிப் பேசும் கதைகள் நம்மிடம் ஏராளம். அவை இவ்விடயத்தை விளக்கப் போதியனவல்ல. பருவம் பொய்த்த மாதத்தில் அரிசிக்கும், சாவு வீட்டுக்கும், பிள்ளையின் படிப்புக்கும் பிணை கேளாது பணம் தருபவர் அவரே. வங்கி நிலவுறுதியைக் கேட்கும். கடல் எவர் பெயரிலும் உறுதியாக எழுதப்படுவதில்லை. தொழிலாளி முற்பணத்தை நாடுவது அறியாமையாலன்று, கணக்குப் பார்த்தே. அக்கணக்கு அவனுக்கு நியாயமாகப்படும்வரை உறவும் நீடிக்கும்.

தென்னிலங்கைக் கரையூர் ஒன்றை ஆராய்ந்து போல் அலெக்சாந்தர் 1982 இல் வெளியிட்ட நூல், இயந்திரப் படகின் நலன்கள் சிலர் கையிற் குவிந்ததை எடுத்துக்காட்டியது. கேரளத்தில் 1953 இல் நீண்டகரையில் தொடங்கிய இந்திய நோர்வேத் திட்டம், சிறு மீனவருக்கெனத் தொடங்கி ஏற்றுமதி இறாலுக்கான இழுவைப் படகுத் தொழிலில் முடிந்த வரலாற்றை ஜோன் குரியன் விரிவாக எழுதியுள்ளார். இழுவை மடியும் ஒரு காலத்தில் அபிவிருத்திக் கொடையாகவே இக்கடல்களுக்கு வந்தது என்பதை இன்று பலர் மறந்துவிட்டனர். பேசாலையிலும் அது இருந்தது. 2017 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கையில் தடைசெய்யப்பட்டது. பாக்கு நீரிணையின் மறுகரையிலிருந்து வரும் இழுவைப் படகுகளோ நின்றுவிடவில்லை. அவை திங்கள், புதன், சனி இரவுகளில் வரும் வழக்கத்தை அறிந்து, அவ்விரவுகளில் வலை விரிக்காது கரையில் இருந்துவிடுவோர் மன்னாரில் உளர். விரித்த வலை அறுபட்டால் அதன் விலை மீண்டும் முற்பணக் கணக்கில் ஏறும். குறைந்த செலவு என்னும் கணக்கில் இழந்த இரவுகளையும் அறுந்த வலைகளையும் சேர்த்துப் பார்த்தோர் குறைவு.

போர்க்காலத்தை இரண்டு வாக்கியங்களிற் கடந்து செல்வது நீதியன்று. ஆயினும் இங்கு தேவையானது இவ்வளவே. இயந்திரத்தின் குதிரைவலுவுக்கும் கடலிற் செல்லும் நேரத்துக்கும் தூரத்துக்கும் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. 1990 ஒக்ரோபரில் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது மன்னார்க் கரையின் முஸ்லிம் தொழிலாளர் படகையும் வலையையும் விட்டுச் சென்றனர். 2009 க்குப் பின் மீள்குடியேறியோருக்கு அரசும் நிறுவனங்களும் படகும் வலையும் வழங்கின. அவற்றின் பின்னாலேயே நுண்கடன் கம்பனிகளும் குத்தகைக் கம்பனிகளும் வந்தன. வடக்கிலும் கிழக்கிலும் பெண்களின் நுண்கடன் சுமை அளவு கடந்ததை 2018 இல் அரசே ஒப்புக்கொண்டு, ஓர் இலட்சம் ரூபா வரையான சில கடன்களைத் தள்ளுபடி செய்ய நேர்ந்தது. முற்பணத்தை வியாபாரியும் வாராந்தத் தவணையைக் கம்பனியும் கேட்கும் வீடுகளில், கருவி மட்டும் இலவசமாக வந்திருந்தது.

மன்னார் நகரை அடுத்த பள்ளிமுனையில் ஒரு பெருக்கமரம் நிற்கிறது. ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அம்மரத்தை அராபிய வணிகர் கொணர்ந்து நட்டனர் என்பது பொதுவான கருத்து. மாதோட்டத்துத் துறைமுகம் சமுத்திர வணிகத்தின் ஒரு முடிச்சாக இருந்த காலத்திலிருந்தே இக்கரைக்கும் அக்கரைக்கும் கொடுக்கல் வாங்கல் இருந்து வந்திருக்கிறது. இன்றும் அக்கரையின் அனுபவத்தை இக்கரை கவனித்துப் பார்க்க வேண்டிய காரணங்கள் உள்ளன.

கானாவின் தலைநகரான அக்ராவின் ஓரத்தில் சோர்க்கோர் என்றொரு மீனவர் குடியிருப்பு உண்டு. அங்கு மீனைப் புகையூட்டிப் பதப்படுத்தி விற்பவர் பெண்கள். 1970 ஐ அண்டிய ஆண்டுகளில் கானாவின் உணவு ஆராய்ச்சி நிறுவனமும் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பும் அப்பெண்களோடு சேர்ந்து ஓர் அடுப்பை உருவாக்கின. களிமண்ணாலோ செங்கல்லாலோ கட்டிய நீள்சதுர அடுப்பு. அதன்மேல் மரச்சட்டத்திற் கம்பிவலை அடித்த தட்டுகள் ஒன்றன்மேலொன்றாகப் பத்துப் பதினைந்து வரை அடுக்கப்படும். அடுக்கே புகைபோக்கியாகி வெப்பத்தை உள்ளே தேக்கும். விறகு மிச்சமாகும், ஒரே தடவையில் அதிக மீன் பதமாகும். ஊர்த் தச்சனே தட்டைச் செய்யலாம், ஊர் மண்ணாலேயே அடுப்பைக் கட்டலாம். சோர்க்கோர் அடுப்பு மேற்கு ஆபிரிக்கக் கரை முழுவதும் பரவிற்று. நான் அறிந்தவரையில் குறைந்த செலவுத் தொழில்நுட்பம் என்ற பெயருக்கு மிகவும் தகுதியானது இதுவே. அப்பெண்கள் ஏற்கெனவே மீனை வாங்கி விற்கும் வணிகத்தைத் தம் கையில் வைத்திருந்தமையே அதன் வெற்றிக்குரிய காரணம் என்று கருதுகிறேன். அடுப்பு அவர்களுக்கு உழைப்பை மிச்சப்படுத்தியது. மிச்சமானது அவர்களிடமே தங்கிற்று.

இதற்கும் ஓர் எல்லை வந்தது. புகையூட்டிய மீனில் இருக்கத்தக்க நச்சுச் சேர்மங்களின் அளவை ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்ரெம்பரிலிருந்து மேலும் குறைத்தது. சோர்க்கோர் அடுப்பின் மீன் அந்த அளவுக்குள் அடங்குவது கடினம். செனகலின் தியாரோயில் உருவாக்கப்பட்ட மேம்பட்ட அடுப்பு அந்த அளவைப் பேணக்கூடியது. ஆனால் விலை கூடியது. உடல்நலத்துக்கு நல்லது என்பதில் ஐயமில்லை. எனினும் எது ‘பொருத்தமான’ தொழில்நுட்பம் என்பதைச் சந்தையை வைத்திருப்பவரே தீர்மானிக்கிறார் என்பது இங்கு தெளிவாகிறது.

விக்ரோறியா ஏரியில் நடந்தது இதனினும் கொடியது. 1950களில் அவ்வேரியில் விடப்பட்ட நைல் பேர்ச் மீன் பெருகியதும், கரையோரத்தில் ஏற்றுமதித் தொழிற்சாலைகள் எழுந்தன. முழு மீனை வாங்கிப் புகையூட்டி விற்ற பெண்களுக்குத் தொழிற்சாலை கழித்துவிட்ட முள்ளும் தலையுமே எஞ்சின.

அண்மைக்கால ஆபிரிக்கத் தொழில்முனைவுகளில் மிகவும் புகழ்பெற்ற ஒன்றைக் கூறாதிருக்க முடியாது. கைத்தொலைபேசி வழியே பணம் அனுப்பும் எம்-பெசா முறை கென்யாவில் 2007 இல் தொடங்கியது. அதன்மேல் எழுந்த எம்-கோபா நிறுவனம் சிறிய சூரிய ஒளி விளக்குத் தொகுதிகளைத் தவணைக்கு வழங்குகிறது. தொடக்கத்தில் சிறு தொகை. பின்னர் நாள்தோறும் சில்லறை. மண்ணெண்ணெய் விளக்குக்குச் செலவிட்ட பணமே தவணையாகிறது என்பர். இலட்சக்கணக்கான வீடுகளுக்கு இவ்வாறு ஒளி வந்திருப்பது மெய். ஆனால் தவணை தவறினால் நிறுவனம் தொலைவிலிருந்தே கருவியை முடக்கிவிடலாம். நம் கரையில் கடன் வியாபாரியின் கொப்பியில் இருக்கிறது. அங்கே அது கருவிக்குள்ளேயே பதிக்கப்பட்டிருக்கிறது. கொப்பியோடு பேரம் பேசலாம், சாவு வீட்டைச் சொல்லி ஒரு மாதம் தவணை கேட்கலாம். விளக்கோடு எதைப் பேசுவது?

இவ்வனுபவங்களின் ஒளியில் மன்னாரில் கருவாட்டுத் தொழிலை நோக்கலாம். மணலிலும் பாயிலும் மீனைப் பரப்பி உலர்த்துவதற்குப் பதிலாக, இடுப்பளவு உயரத்தில் வலை கட்டிய தட்டிகளில் உலர்த்தினால் மணல் ஒட்டாது. காற்று கீழிருந்தும் வீசும். நாயும் காகமும் அண்டுவது குறையும். குனிந்து நிமிர்ந்து முறியும் முதுகும் தப்பும். கம்பும் பழைய வலையும் போதும். தங்கனிக்கா ஏரிக்கரையில் புருண்டியின் பெண்கள் இதனைச் செய்து பயன் கண்டனர். மன்னாரில் வெயிலுக்கோ காற்றுக்கோ உப்புக்கோ பஞ்சமில்லை. உப்பளம் நகரின் அருகிலேயே இருக்கிறது. ஆனால் உலர்த்துபவள் பலவேளைகளில் கூலிக்காரி, மீன் மற்றவருடையது. நல்ல கருவாட்டுக்குக் கிடைக்கும் கூடிய விலை அவளது கூலியில் தெரியப்போவதில்லை. அந்நிலையில் தட்டி கட்டும் அக்கறை அவளுக்கு எங்கிருந்து வரும்? ஏற்றுமதிக்குச் செல்லும் நீலக்கால் நண்டை வலையிலிருந்து கழற்றும் பெண்களின் நிலையும் இதுவே. விரல் கிழிய மணிக்கணக்காக உட்கார்ந்து செய்யும் அவ்வேலை, படகுக்கும் கம்பனிக்கும் இடையிலான கணக்கு எதிலும் தனிவரியாக எழுதப்படுவதில்லை.

பாயை விரித்த அதே காற்று இன்று வேறொரு பணியும் செய்கிறது. தீவின் தென்கரையோரம் 2020 டிசெம்பரில் தொடக்கிவைக்கப்பட்ட தம்பபவனி காற்றாலையில் 30 காற்றுச்சுழலிகள் உள்ளன. அதன் கொள்ளளவு 100 மெகாவாற்றுக்குச் சற்று மேல். மின்சாரம் தேசிய வலையமைப்புக்குச் செல்கிறது. மேலும் சுழலிகள் அமைப்பதை எதிர்த்து 2025 இல் மன்னார் மக்கள் நீண்ட போராட்டம் நடத்தினர். வெள்ளநீர் வடிவது, கரைக்குச் செல்லும் வழி, மீன்வரத்து ஆகியனபற்றிய அவர்களது முறைப்பாடுகள் ஒவ்வொன்றும் தனி ஆய்வுக்குரியவை. காற்றாலையை நான் பகைக்கவில்லை. நிலக்கரியை விட அது மேலானது. ஆனால் அத்தனை மின்சாரம் பிறக்கும் தீவில் ஐஸ் விலையும் மண்ணெண்ணெய் விலையும் தொழிலாளியின் கழுத்தை நெரிப்பதைத் தொழில்நுட்பக் குறைபாடு என்று எவரும் கூற முடியாது.

மன்னார் வளைகுடாவைத் தாண்டித் தென்மேற்கே சென்றால் குமரி மாவட்டத்து முட்டம். 1980களின் தொடக்கத்தில் அங்கு ஒட்டுப்பலகைப் படகுகள் கட்டப்பட்டன. கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் வேண்டிய பெருமரங்கள் அருகி விலையேறியிருந்த நேரம். பலகைகளைச் செப்புக் கம்பியால் தைத்து, இணைப்பைக் கண்ணாடியிழையால் மூடும் முறையை ஷுமாகரின் குழுவைச் சேர்ந்தோரும் உள்ளூர்த் தொழிலாளரும் சேர்ந்து அக்கரையின் அலைக்கேற்பத் திருத்தினர். கருவி என்ற வகையில் இது சீநோரின் படகை விடச் சிறப்பானது என்று சொல்வதற்கில்லை. வேறுபாடு வேறிடத்தில் இருந்தது. திருவனந்தபுரம் முதலிய கரைகளில் மீனவர் சங்கங்கள் முதலில் விற்பனையைத் தம் கையில் எடுத்திருந்தன. மீனை ஏலம் விடுபவர் சங்கத்தின் ஊழியர். ஒவ்வொரு நாள் விற்பனையிலும் ஒரு பங்கு கடனுக்கு, ஒரு பங்கு சேமிப்புக்கு எனக் கழிக்கப்படும். மீன் படாத நாளில் தவணையும் இல்லை. வியாபாரிக்கு உறுப்புரிமை இல்லை. இச்சங்கங்கள் 1980 இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பாக இணைந்தன. படகு கட்டும் துறையும் இயந்திரம் திருத்தும் கொட்டகையும் அக்கூட்டமைப்பின் கீழ் வளர்ந்தது அதன் பின்னரே. விற்பனை, பின் கடன், பின் கருவி என்ற அந்த ஒழுங்கு மிக முக்கியமானது. மன்னாரில் 2009 க்குப் பின் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறு. கருவி முதலில் வந்தது; கடன் பின்தொடர்ந்தது; விற்பனையை எவரும் தொடவில்லை.

மன்னாரிலும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் உண்டு. அவற்றின் சமாசமும் உண்டு. தொழில் முறைகளை ஒழுங்குபடுத்துவதிலும் ஊர்ப்பிணக்குகளைத் தீர்ப்பதிலும் அவற்றின் சொல்லுக்கு மதிப்பு இருக்கிறது. ஆயினும் மீனின் விற்பனை பெரும்பாலும் வியாபாரியிடமே உள்ளது. அதனை எடுக்க முனையும் சங்கம் முதல் நாளிலேயே ஒரு பெருந்தொகையை எதிர்கொள்ளும்: உறுப்பினர் ஒவ்வொருவரும் வியாபாரிக்குத் தரவேண்டிய முற்பணம். அதைத் தீர்க்காமல் மீனைச் சங்கத்துக்குக் கொண்டுவர அவர்களால் முடியாது. கேரளச் சங்கங்களும் இத்தடையைச் சந்தித்தே வங்கிக் கடனைத் தேடின. படகுக்கும் வலைக்கும் நன்கொடை தரும் நிறுவனங்கள், பழைய கடனைத் தீர்க்கும் நிதிக்கு நன்கொடை தர விரும்புவதில்லை. அதனைப் படம்பிடித்துக் காட்ட முடியாது என்பதும் ஒரு காரணமாகலாம்.

கேரள முறையிலும் ஒரு குறை உண்டு. படகு உடையவரே சங்கத்தின் உறுப்பினராகலாம். படகில்லாத கூலித்தொழிலாளியும், மீன் உலர்த்துபவளும், நண்டு கழற்றுபவளும் வெளியே நிற்கின்றனர். மன்னார்க் கரையூர்களில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் இயங்குகின்றன. அவற்றிடம் சிறு சேமிப்பும் உண்டு. அச்சேமிப்பால் பெண்கள் மீனைத் தாமே ஏலத்தில் எடுத்து உலர்த்த முற்பட்டால், தட்டிக்குக் கம்பு வெட்டுவது பெரிய காரியமன்று. கரையில் தட்டி நாட்டுவதற்கு ஓரிரு பரப்புக் காணி வேண்டும். அது எவருடைய பெயரில் இருக்கிறது, எவர் வேலியடைக்கப் போகிறார் என்பதே அங்கு முதலிற் கேட்கப்பட வேண்டியது.